பல்லி சொன்ன ஞாயிறு

எங்கள் கோயிலில் எனக்குப் பல்லிக் கடைக்காரர் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் உண்டு. "ஊரிலை விளக்குமாத்தாலை அடிச்சுக் கலைச்ச சாமானை இவர் இஞ்சை சூடு காட்டி வளர்த்து வெள்ளைக்காரனுக்கு விக்கிறார்" என்று ஒருவர் அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் இருந்துகொண்டே அடுத்தவருக்குச் சொன்னார். சிரிக்கட்டும். ஒஸ்லோவில் நான் விரும்பிச் செய்கிற வேலை இது ஒன்றுதான். மற்றது பஸ் ஓடுவது. ஜனவரி மாதத்து விடியப்புறம் பனிக்குள் பஸ் எடுப்பதை விரும்பிச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு விசர்.

தொடங்கியது தற்செயலாகத்தான். என்னோடு பஸ் ஓடிய ஒரு நோர்வேக்காரர் வடக்கே குடிபோகும்போது ஒரு சோடிப் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, ஒரு சாண் நீளம், கொழுத்த வால். நம்முடைய பல்லியைப் போலச் சுவரில் ஏறத் தெரியாது. இமை உண்டு, மூடி நித்திரை கொள்ளும். முன்பு இந்த நாட்டில் இவற்றை வளர்க்கத் தடை. பிறகு சில வகைகளுக்கு மட்டும் விட்டார்கள், அதில் இதுவும் ஒன்று.

மூன்றாம் மாதம் பெட்டை முட்டையிட்டது. இரண்டு முட்டை, நனைந்த கடுதாசி போல மெத்தென்ற கோது. கோழி முட்டையைப் போல இதைப் புரட்டக் கூடாது. இட்ட வாக்கிலேயே எடுத்து, மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் ஈரமணலில் வைக்க வேண்டும். புரண்டால் உள்ளே இருக்கிற குஞ்சு மூச்சு முட்டிச் செத்துப்போகும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. நாங்கள் அது உயிரோடு இருக்கிறது என்று நாள் எண்ணிக்கொண்டிருப்போம். அந்தப் பெட்டி இருந்த மூலைப் பக்கம் தூசு தட்டக்கூட நான் என் மனைவியை விடுவதில்லை.

அவள் முதலில் இவற்றைக் கண்டு அருவருத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு வருடத்தில் அவளே பல்லிகளின் தீனிக்கு வாங்குகிற சிள்வண்டுக்குக் கால்சியம் தூள் பிரட்டிப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒரு குறை மட்டும் சொல்லுவாள். "என்ன பல்லியப்பா இது, ஒரு நாளும் ஒண்டும் சொல்லாது. உங்களை மாதிரி ஊமைக் கோட்டான்." உண்மைதான். வளர்ந்த சிறுத்தைப் பல்லி சத்தம் போடுவது அரிது. குஞ்சுகள் மட்டும் பயந்தால் நாலு காலிலும் எழும்பி நின்று, வாயைப் பிளந்து ஒரு கீச்சுக் கத்தல் கத்தும். பொரித்து ஆறு கிழமையில் கைக்குப் பழகிவிடும், அதன் பிறகுதான் விற்பேன்.

அந்தச் சூட்டுப் பெட்டிக்கு மேலே, புத்தகத் தட்டில், என் மச்சானின் படம் இருந்தது. என் மனைவியின் அண்ணன். நான் அவரை ஒரு நாளும் கண்டதில்லை. கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக வந்து அவர் ஆமிக்காரரின் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. அந்தப் படத்தைச் சாமிப் படங்களோடு வைக்க அவள் விடமாட்டாள், அங்கே வைத்தால் மாலை போட வேண்டி வரும். கலியாணப் படங்களோடும் வைக்கமாட்டாள், அவர் எங்கள் கலியாணத்துக்கு இருக்கவில்லை. ஆகவே என் பல்லிகளோடு வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரர், சேர்ட்டின் மேல் பொத்தான் பூட்டாமல், யாரோ சொன்ன பகிடிக்கு அரைவாசி சிரித்தபடி. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்து நிமிரும்போதெல்லாம் அவர் முகத்தில்தான் முழிப்பேன். சில நாட்களில் எனக்கு விசர் வரும். எங்கே மனிசா போய்த் தொலைந்தாய், வா, அல்லது வராதே, இரண்டிலொன்றைச் சொல் என்று மனதுக்குள் கத்தியிருக்கிறேன்.

பஸ்ஸிலும் அவர்தான். கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் பின்சீற் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வருவேன். மற்றச் சாரதிகள் கண்ணாடியில் பார்ப்பதோடு சரி. எனக்கு நடக்காவிட்டால் மனம் ஆறாது.

அந்த ஞாயிறு காலை பத்து மணியிருக்கும். ஒரு நோர்வேக்காரப் பெண் குஞ்சு வாங்க வருவதாக இருந்தது. நான் சன்னல் பக்கம் நின்று அவளுக்குக் கொடுக்க இருந்த குஞ்சை இடக்கையில் பிடித்து, கால்விரலில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய தோலை ஈரப் பஞ்சால் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை விட்டால் தோல் இறுகி விரல் அழுகிவிடும். மனைவி சோபாவில் இருந்து தன் தாயோடு போன் கதைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மாமி ஊரில், தென்மராட்சியில், அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கிறா.

மாமி அன்றைக்கு ஒரு முடிவோடுதான் கதைத்தா. "இனிக் காணும் பிள்ளை. நானும் எத்தினை நாளைக்கு இருக்கப்போறன்? ஐயரோடை கதைச்சிட்டன். தர்ப்பையிலை உருவம் செய்து கொளுத்திப்போட்டு, கீரிமலையிலை அந்தியேட்டியைச் செய்து விடுவம். அவன் அலையக் கூடாது."

காணாமல் போன மகனுக்குச் செத்தவீட்டுக் கிரியையைச் செய்து முடிக்கிற கதை. நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தை எப்படிச் சொல்வது? நேர்சிங்ஹோமில் அவள் வேலை செய்கிறாள். அங்கே சில கிழவிகள் பேரைக் கூப்பிட்டாலும் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லுவாள். அன்றைக்கு அவள் அப்படித்தான் இருந்தாள். பிறகு எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில் சொன்னாள்.

"அம்மா, அண்ணா இருக்கிறார் எண்டுதான் எனக்கு மனம் சொல்லுது."

என் கையிலிருந்த குஞ்சு கத்தியது.

விரல் தானாக இறுகியதா, நான் இறுக்கினேனா? எத்தனையோ தரம் கையை விரித்து வைத்துப் பார்த்து யோசித்துவிட்டேன். சத்தியமாகத் தெரியாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அதன் விலாவெலும்பு வளைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுபக்கத்தில் மாமி, "என்ன சத்தம்?" என்றா.

"பல்லி! அம்மா, பல்லி சொல்லுது!" என் மனைவி எழும்பிவிட்டாள். "ஒரு நாளும் வாய் திறக்காத பல்லி! நான் சொல்லி வாய் மூட முதல் சொல்லிச்சுது!"

போனுக்குள் மேசையில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது, டொக், டொக், டொக். பல்லி சொன்னால் ஊரில் எல்லோரும் தட்டுவது போல. "சிவசிவா" என்றா மாமி. அவ்வளவுதான். அந்தியேட்டி நின்றுபோய்விட்டது.

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அடி விசரி, நான் கசக்கினதுக்கு அது கத்தினது என்று ஒரு வசனம். அதற்குள் அவள் போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்து, நான் நின்றது எந்தத் திசை என்று அளந்தாள். குசினியில் கிடந்த பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அந்தத் திசைக்கு என்ன பலன் என்று விரல் வைத்துத் தேடினாள். நல்ல சேதி என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் நான் அவளை அப்படிக் கண்டதில்லை. யாரப்பா அதைக் கெடுப்பான்? நான் கெடுக்கவில்லை. குஞ்சைப் பெட்டிக்குள் விட்டு மூடினேன்.

நோர்வேக்காரப் பெண் வந்தபோது என் மனைவி கதவடியில் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அதைக் குடுக்காதேங்கோ. உயிர் போனாலும் குடுக்காதேங்கோ." வந்தவளுக்கு அதன் கூடப்பிறந்த குஞ்சைக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வீடே மாறியது. அவள் தலைமயிருக்கு மை பூசினாள். சமைக்கும்போது பாட்டு வந்தது. ஒரு நாள் கடைச் சென்ரருக்குப் போய் ஒரு ஆண்பிள்ளைக் குளிர்ச்சட்டை வாங்கி வந்தாள். என்னுடைய அளவில்லை. "அண்ணாவுக்கு. இஞ்சத்தைய குளிருக்கு அங்கத்தைய உடுப்புக் காணுமோ?" என்றாள். பிறகு அதைத் தன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு அளவு கூட எடுத்திருக்கலாம். இப்ப வயிறு வைச்சிருக்கும்" என்றாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அந்தக் குஞ்சு வளர்ந்தது. குஞ்சில் இருந்த கறுப்புப் பட்டைகள் உடைந்து புள்ளிகளாகிவிட்டன. அவள் அதற்குத் தனிப் பெட்டி வைத்து, வேலையால் வந்து உடுப்பு மாற்ற முதல் அதோடுதான் கதைப்பாள். அது அவளைக் கண்டால் கிட்ட வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும். என்னைக் கண்டால் வாலை நெளித்துக்கொண்டு பெட்டிக்குள் ஒளிக்க வைத்த குகைக்குள் போய்விடும். சூடு, தீனி, வெளிச்சம் என்று காரணம் சொல்லலாம். எனக்கு அது ஞாபகம் வைத்திருக்கிறது என்றுதான் பட்டது. மற்றக் குஞ்சுகளைத் தூக்கவும் பயமாய்ப் போயிற்று. தெரியாமல் ஒன்று கத்திவிட்டால் குசினியிலிருந்து அவள், "என்னவாம்?" என்று ஓடி வருவாள். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று நான் பதறிக்கொண்டு யோசிப்பேன். பஸ் கதவு மூடும்போது வருகிற காற்றுச் சத்தத்திலும் அது கேட்டது. கொம்பனிக்கு எழுதிக் கொடுத்துக் கதவைத் திருத்துவித்தேன். அதன் பிறகும் கேட்டது.

அடுத்த வருடம் மாமியின் பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். மாமிக்கு நெஞ்சில் ஒரு வால்வு பழுதாம். கொழும்புக்குப் போய் வெட்ட வேண்டுமாம். தள்ளிப்போட்டால் ஆளைக் காப்பாற்ற ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"மாமி மாட்டன் எண்டு நிக்கிறா அண்ணை. ஒரு மாதம் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போக ஏலாதாம். 'பல்லி சொன்னது, அவன் வருவான், வந்து படலையிலை நிண்டு கூப்பிட நான் இல்லாட்டி?' எண்டு கேக்கிறா. நாங்கள் என்னத்தைச் சொல்ல?"

அன்றைக்கு என் மனைவியிடம் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு வால்வு விசயம் தெரிந்திருந்தது. "அம்மாவுக்கு ஒண்டும் ஆகாது. அண்ணாவைக் காணாமல் அம்மா போகமாட்டா" என்றாள், அந்தப் பல்லியைப் பார்த்துக்கொண்டே. என் மாமியாரை என் இரண்டு விரல் சாகடிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் சோறு தின்றேன்.

மறுநாள் மத்தியானம், கடைசித் தரிப்பில், பஸ் வெறுமையாய் நின்றபோது மாமிக்கு எடுத்தேன்.

"என்ன தம்பி, இந்த நேரத்திலை? பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"அவள் சுகம் மாமி. நான் ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு அந்தப் பல்லி சொல்லேல்லை. நான் அதைக் கையிலை வைச்சிருந்தனான். நான் அமத்தினதாலைதான் கத்தினது."

மாமியின் மூச்சுத்தான் கேட்டது. படி ஏறி வந்த ஆளின் மூச்சுப்போல.

"நோகவோ அமத்தினனீங்கள்?"

"ஓம்."

"ஏன் தம்பி?"

"இவளின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு மாமி." இதைச் சொன்னபோது நான் அழுதேன். வெட்கமில்லாமல், யூனிபோமோடு, ஸ்டியறிங்கில் தலையை வைத்து அழுதேன்.

"அழாதேங்கோ" என்றா மாமி. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்தது. இந்த வீட்டுச் சுவர் முழுக்கப் பல்லி. பல்லி சொல்லுற சத்தம் எனக்குத் தெரியாதே? உது ஏதோ நொந்து கத்தின சத்தம்."

"தெரிஞ்சுமோ மாமி தட்டினனீங்கள்?"

"பதினைஞ்சு வருசமா எத்தினை கந்தோர் மேசைக்கு முன்னாலை அவன்ரை படத்தோடை போய் நிண்டிருப்பன். பிள்ளையளைத் தேடுற மற்றத் தாய்மாரோடை வெய்யிலுக்குள்ளை றோட்டுக்கரையிலை இருந்திருக்கிறன். ஒருத்தன் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. அண்டைக்குத்தான் ஒண்டு மறுமொழி சொல்லிச்சுது. ஆர் சொன்னாலென்ன எண்டு இருந்திட்டன்."

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். அது அவவுக்குக் கேட்டதோ தெரியாது.

"அவளுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. நான் பெத்தனான், நான் முடிக்கிறன். கொழும்புக்குப் போக முதல் கீரிமலைக்குப் போட்டு வாறன். அவள் பாத்துக்கொண்டிருக்கட்டும். அவனைப் பாத்துக்கொண்டிருக்க ஒரு ஆளாவது வேணும்."

மாமி சொன்னபடி செய்தா. பிறகு கொழும்பில் நெஞ்சும் வெட்டித் தைத்தாயிற்று, இப்போது நல்லாய் இருக்கிறா. அந்தியேட்டி நாளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். ஒரு புதன்கிழமை. நான் காலை வேலை முடித்து வந்து தலையில் தண்ணீர் வார்த்தேன். மனைவி மீன் பொரித்து வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பருப்போடு சாப்பிட்டேன். அந்த நேரம் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். தர்ப்பை எரிந்து, ஐயர் மந்திரம் சொல்லி, என் மாமி தன் மகனுக்குப் பிண்டம் வைத்துக் கடலில் கரைத்திருப்பா.

மனைவி எனக்கு எதிரில் இருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல சந்தோசமாக இருந்தாள். அம்மா கொழும்புக்குப் போகச் சம்மதித்துவிட்டா என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, அண்ணா வந்தால் முதல் நாள் என்ன சமைக்கிறது? பசியோடைதான் வருவார்."

அவர் என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் கையில் முள்ளோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நண்டுக்கறி வையும்" என்றேன்.

"ஓமென்ன!" என்றாள். "அவருக்கு நண்டெண்டால் உயிர். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"